நுங்குருவும் கிளைப்பிறப்பும்: செவிக்காளான் குடும்பப் பெயரீடு குறித்த ஒரு திறனாய்வு

1. பொருளும் நோக்கமும்

பெயரிடுதல் ஒரு பொருளை அறிந்துகொள்வதன் முதற்படியாம். ஆயின், அறிந்தது சிறிதாகவும் இட்ட பெயர் பெரிதாகவும் அமையுமாயின், அப்பெயரே பின்வரும் அறிவுக்குத் தடையாகிவிடுதலும் உண்டு. அறிவியலைத் தமிழில் எழுதுவோர்க்கு இவ்விடர் அடிக்கடி நேர்கின்றது. இதனை ஒரு சிறு சான்றுகொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். சான்றாக யாம் எடுத்துக்கொண்டது, பட்ட மரங்களின்மேல் மழைக்காலத்தில் தோன்றும் மென்காளான்களின் வகைப்பாடு.

தமிழ்த்துறை ஆய்விதழில் காளானுக்கு என்ன இடம் என வினவலாம். காளானின் உடற்கூற்றை ஆராய்தல் உயிரியலார் கடன். அதற்கமைந்த பெயரும், அப்பெயர் பொருளை உணர்த்தும் முறையும், அம்முறை நம் இலக்கண மரபோடு பொருந்துமாறும் ஆராய்தல் தமிழ் பயில்வார் கடன். இலக்கணம் வல்லார் இப்பணியினின்று ஒதுங்கி நிற்பின், கலைச்சொல்லாக்கம் அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் வைக்கும் தொழிலாய் முடியும்.

ஆங்கிலத்தார் இக்காளான்களை 'ஜெல்லி' என்னும் அடைகொடுத்து ஒருங்கே வழங்குவர். அதனைப் பின்பற்றி 'ஜெல்லிக்காளான் குடும்பம்' என்றோ 'கூழ்க்காளான் குடும்பம்' என்றோ தமிழில் எழுதிவிடுவது எளிது. கற்கும் மாணாக்கன் இத்தொடரிலிருந்து இரண்டு செய்திகளைப் பெறுவான். இவையனைத்தும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை என்பது ஒன்று. அக்குடும்பத்தை ஒன்றாகப் பிணைப்பது நெகிழ்ந்த உடலே என்பது மற்றொன்று. இரண்டும் பிழை. இப்பிழை உயிரியல் நூலில் இல்லாதது, தமிழ்த்தொடரால் விளைவது. அது விளையுமாற்றையும் அதனை நீக்குமாற்றையும் முறையே காண்போம்.

2. உருவும் இயல்பும்

ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து, செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பும் காலத்தில், அதனைச் சார்ந்த ஊர்களில் வீழ்ந்து நனைந்து கிடக்கும் கிளைகளை நோக்குவார்க்கு இக்காளான் புதிதன்று. தண்டும் குடையும் இன்றி, மரப்பட்டையில் ஒருபுறம் ஒட்டி, மடல் விரித்த செவிபோல் நிற்கும். நிறம் பழுப்பு. மேற்புறத்தில் நுண்ணிய மயிர் உண்டு, உட்புறம் வழுவழுப்பானது. விரலால் அழுத்தின் வளையும், விடுத்தால் மீளும். தையும் மாசியும் கடந்து வெயில் ஏறியபின் அதனை நோக்கின், சுருங்கிக் கறுத்துக் கொம்புத் துண்டுபோல் இறுகிக் கிடக்கும். மீண்டும் நீர் படின் பருத்துப் பழைய உருவை எய்தும்.

இவ்வியல்புக்குக் காரணம் அதன் உடலமைப்பில் உள்ளது. காளானின் உடல் நுண்ணிய இழைகளால் ஆயது. இவ்வகைக் காளான்களில் இழையின் புறச்சுவர் நீரை ஏற்றுப் பருத்துப் பசைத்தன்மை அடையும். நீர் அகன்றவிடத்துச் சுவர் ஒடுங்கும். எனவே, மென்மை என்பது நீரோடு அவ்வுடல் கொண்ட உறவின் விளைவாகும். மழை சில நாளே பெய்து பல நாள் பொய்க்கும் இடத்தில் உலர்ந்து பொறுத்திருந்து, நீர் பெற்றவுடன் நுண்வித்துகளை வெளியிட இவ்வமைப்பு உதவுகின்றது. இதனால் ஒரு வினா எழும். வாழ்வுக்கு இத்துணைப் பயன்படும் ஓர் அமைப்பு, தம்முள் உறவில்லாத பல காளான்களில் தனித்தனியே தோன்றியிருத்தல் கூடுமன்றோ? கூடும் என்பதே ஆய்வு தந்த விடை.

3. வகைப்பாடு கடந்துவந்த வழி

லின்னேயசு 1753இல் வெளியிட்ட தாவர இனங்களின் நூலில் 'திரெமெல்லா' என்னும் பேரினத்தை அமைத்தார். நடுங்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்த பெயர் அது. தொட்டால் அசையும் நெகிழ்ந்த உடலே அவர்க்கு அடையாளமாயிற்று. ஆதலின் செவிக்காளானையும் அவர் அப்பேரினத்துள் அடக்கினார். ஈரநிலத்தில் பசிய கட்டிகளாகக் கிடக்கும் நாசுடாக்கையும் அதனுள்ளேயே அடக்கினார். பேரினம் முழுவதையும் பாசிகளின் வரிசையில் வைத்தார். இன்று நாசுடாக்கு காளானும் அன்று, பாசியும் அன்று. நுண்ணுயிரிகளோடு வைத்து எண்ணப்படுவது. நெகிழ்ச்சி ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளின் எத்துணைத் தொலைவிலுள்ளவை ஒருகூரையின்கீழ் வந்துசேரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

1853இல் பிரெஞ்சு அறிஞர் துலான் இக்காளான்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, நுண்வித்தைத் தாங்கும் உயிரணுவின் வடிவை எடுத்துக்காட்டினார். அதனை ஈண்டு 'வித்துத்தாங்கி' என்போம். செவிக்காளானின் வித்துத்தாங்கி நீண்ட உருளை. மூங்கிலைக் கணு பகுத்தல்போலக் குறுக்குச் சுவர் மூன்றால் நான்கு அறையாகப் பகுக்கப்பட்டது. திரெமெல்லாவினது உருண்டையானது, ஊறுகாய்க்கு நான்காய்க் கீறிய எலுமிச்சங்காய்போல நெடுக்குவாட்டில் பிளவுண்டது. கண்ணீர்த் துளியின் பெயர் பெற்ற 'தாக்ரிமைசீசு' என்பதில் சுவரே இல்லை. வித்துத்தாங்கி கவைக்கோல்போல் இரண்டாகக் கிளைக்கும். புறத்தே ஒன்றாய்த் தோன்றியவை அகத்தே மூன்றாய்ப் பிரிந்தன.

இத்துடன் ஆராய்ச்சி நின்றிருப்பின் வித்துத்தாங்கியின் வடிவே இறுதி அளவுகோலாகியிருக்கும். அதுவும் நிலைக்கவில்லை. 'எக்சிடியா' என்னும் காளானின் வித்துத்தாங்கி திரெமெல்லாவைப்போல நெடுக்கே பிளவுண்டது. ஆதலின் அது நெடுங்காலம் திரெமெல்லாவோடு சேர்த்து எண்ணப்பட்டது. 1984இல் பாண்டோனி என்னும் அறிஞர், இழைகளின் குறுக்குச் சுவரிலுள்ள துளையின் மூடியமைப்பையும், நுண்வித்து முளைக்கும் முறையையும் ஒப்புநோக்கினார். திரெமெல்லாவைச் சார்ந்தவை தம் வாழ்வின் ஒரு பருவத்தில் நொதியுயிர்களாய் வாழ்வன. பிற காளான்களை ஒட்டி உண்பன. எக்சிடியாவுக்கு அத்தகைய பருவம் இல்லை. அது செவிக்காளானைப்போலவே பட்ட மரத்தைச் சிதைத்து வாழ்வது; வளைந்த நுண்வித்துகளை உடையது. எனவே எக்சிடியா செவிக்காளானின் சுற்றமாயிற்று. பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் இவ்வுறவை வலியுறுத்தின.

2007இல் பன்னாட்டு அறிஞர் பலர் கூடி வெளியிட்ட காளான் வகைப்பாட்டில், செவிக்காளான் வரிசை குடைக்காளான்களையும் உள்ளடக்கிய வகுப்பில் இடம்பெற்றது. திரெமெல்லா ஒரு தனி வகுப்பு. தாக்ரிமைசீசு மற்றொரு தனி வகுப்பு. ஆகவே, மழையில் நனைந்த ஒரே கிளையில் அருகருகே முளைத்த இரண்டு மென்காளான்கள் குடும்பத்தால் மட்டுமன்றி வகுப்பாலும் வேறாதல் கூடும். அவற்றுள் ஒன்றான செவிக்காளானோ, தோற்றத்தால் சிறிதும் ஒவ்வாத குடைக்காளானுக்கு நெருங்கிய உறவு.

4. தமிழ் மரபு தருவதும் தாராததும்

நம் முன்னோர் காளானை அறியாதவரல்லர். 'ஆம்பி' என்பதும் 'காளாம்பி' என்பதும் சங்க நூல்களிற் பயின்ற சொற்கள். குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனாரின் புறப்பாட்டில் (164) சமையல் மறந்த அடுப்பில் அது தோன்றுகின்றது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் வறிய பாணனின் இடிந்த இல்லத்தில் தோன்றுகின்றது. இரண்டிடத்தும் அது வறுமையின் அடையாளம். பயன்பாடு ஒழிந்த இடத்தில், ஈரமும் மட்கும் சேர்ந்தவிடத்தில் தோன்றுவது காளான் என்னும் நுண்ணிய நோக்கு அப்புலவர்க்கு இருந்தது. ஆயின் அது வாழிடம் பற்றிய நோக்கு; வகை பற்றியதன்று.

வகைப்பாட்டுக்குத் தொல்காப்பிய மரபியலை நாடுவோம். புறத்தே வயிரமுடையன புல் என்றும், அகத்தே வயிரமுடையன மரம் என்றும் ஆசிரியர் பகுத்தார். வயிரத்தைக் 'காழ்' என்பது அவர் வழக்கு. பனை, தெங்கு, மூங்கில் ஆகியன உயர்ந்து வளரினும் புல்லெனக் கொள்ளப்பட்டமை இவ்வளவுகோலின் திறம். உயரம் என்னும் மேற்றோற்றத்தை விடுத்து உள்ளமைப்பை நோக்கிய பகுப்பு இது. துலானின் நுண்ணோக்கி செய்ததும் முறையால் இதுவே.

அங்ஙனமாயின் செவிக்காளானை மரபியலுள் எங்கு வைப்பது? அதற்குப் புறக்காழும் இல்லை, அகக்காழும் இல்லை. புல்லுக்கும் மரத்துக்கும் ஆசிரியர் வகுத்த இலை, தளிர், பூ, காய் முதலிய உறுப்புப் பெயர்களுள் ஒன்றும் அதற்குப் பொருந்தாது. ஓரறிவுயிர் என்னும் பொதுமையால் புல்லோடும் மரத்தோடும் சேர்க்கலாம் எனின், அற்றன்று. 1969இல் விட்டேக்கர் காளான்களைத் தாவரத்தினின்று பிரித்துத் தனியுலகமாக்கினார். பின்வந்த ஆய்வுகள் அவை தாவரத்தைக் காட்டிலும் விலங்கினத்துக்கே அணுக்கமானவை எனக் காட்டியுள்ளன. ஆதலின், தொல்காப்பியர் காளானின் வகையையும் கூறிவிட்டார் எனச் சாதிப்பது அவர்க்குப் பெருமை சேர்ப்பதாகாது. அவர் கூறாததை அவர் வாயிலிடுவதாகும். அவர் கூறாமையால் தமிழுக்கு இத்துறையில் மரபே இல்லை என்பதும் பொருந்தாது.

மரபியல் நமக்குத் தருவது வேறொன்று. ஒவ்வோர் அறிவுக்குரிய உயிர்களையும் கூறுங்கால், அக்கிளையிற் பிறந்தன பிறவும் உள என ஆசிரியர் இடம்விட்டுச் செல்கின்றார். தாம் தந்தது முடிந்த பட்டியலன்று என்னும் அடக்கம் இதில் உள்ளது. 'கிளைப்பிறப்பு' என்னும் சொல்லும் இதில் உள்ளது. கிளை என்பது மரத்தின் கொம்பையும் மக்களின் சுற்றத்தையும் ஒருங்கே குறிக்கும் தமிழ்ச்சொல். இக்கால உயிரியலார் பொதுமூதாதையிடமிருந்து பிரிந்துவந்த உயிர்த்தொகுதியைக் குறிக்கக் கொம்பு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையே ஆள்கின்றனர். தொல்காப்பியர் அறிவின் எண்ணிக்கையால் வகுத்தார். வழிவழி வந்த பிறப்பால் இன்று வகுக்கின்றனர். கருத்து வேறாயினும், புதிய கருத்தை ஏற்கும் கலம் நம்மிடம் ஆயத்தமாய் உள்ளது. மரபைப் பயன்கொள்ளல் என்பது இதுவே.

5. பெயரீட்டு நெறிகள் மூன்று

தமிழில் காளான்களுக்குப் பெயரிடும் நெறிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, மக்கள் நெறி. சிப்பிக்காளான், பால்காளான், மொட்டுக்காளான், வைக்கோல் காளான், புற்றுக்காளான் என்பன வழக்கிலுள்ள பெயர்கள். வடிவு, நிறம், பருவம், விளையுமிடம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டவை. சந்தையில் வாங்குவார்க்கும் வளர்ப்பார்க்கும் இவை போதும். சீனரும் இந்நெறியே பற்றிச் செவிக்காளானை மரச்செவி என்றனர். வெண்ணிறத் திரெமெல்லா ஒன்றை வெள்ளிச்செவி என்றனர். வகுப்பால் வேறாகிய இரண்டும் சீன மக்களின் நாவில் செவியாயின. மக்கள் வழக்கில் இது குற்றமன்று. அப்பெயர்கள் உருவைக் கூறுவன, உறவைக் கூறுவனவல்ல.

இரண்டாவது, ஒலிபெயர்ப்பு நெறி. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'பங்கசு' என்னும் சொல்லை ஆள்கின்றன. தமிழகத்திலோ பூஞ்சை, பூஞ்சாணம், பூசணம் என மூன்று சொற்கள் ஒரே பொருளில் உலவுகின்றன. இலங்கை வழக்குக் காதுக்கு அயலாயினும் ஒருமை உடையது. நம் வழக்குக் காதுக்கு இனிதாயினும் சிதறியது. கலைச்சொல்லுக்கு இன்றியமையாத பண்பு ஒருமையே ஆதலின், இலங்கையார் நெறியை எள்ளுதல் தகாது. ஆயின் எல்லாவற்றையும் ஒலிபெயர்ப்பின், கற்பார்க்குப் பிடிப்பு ஒன்றும் எஞ்சாது.

மூன்றாவது, சொற்பொருள் பெயர்ப்பு நெறி. அயற்பெயரின் வேர்ப்பொருளை அறிந்து அதனைத் தமிழாக்குவது. திரெமெல்லா 'நடுங்கி' ஆகும். தாக்ரிமைசீசு 'கண்ணீர்க்காளான்' ஆகும். அழகாய்த் தோன்றும் இந்நெறியே இடர் மிகுந்தது. ஐரோப்பியச் செவிக்காளானின் சிறப்புப்பெயர் யூதாசின் செவி என்னும் பொருளது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு தூக்கிட்டுக்கொண்ட மரத்தில் அது முளைத்தது என்னும் மேலைநாட்டுக் கதையினின்று பிறந்தது. அதனைப் பெயர்ப்பின், கதையை அறியாத மாணாக்கனுக்குப் பெயரும் விளங்காது, பொருளும் விளங்காது.

இன்னொரு சான்று. மயிர் மிகுந்த செவிக்காளான் ஒன்றை மொந்தாஞ் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1834இல் எக்சிடியாப் பேரினத்துள் வைத்து, மயிர் பலவுடையது என்னும் பொருளில் 'பாலிட்ரிக்கா' எனப் பெயரிட்டார். பின்வந்தோர் அதனைச் செவிக்காளான் பேரினத்துக்கு மாற்றினர். 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, கருமையுறுவது என்னும் பொருளுடைய 'நைக்ரிக்கன்சு' என்னும் பழம்பெயரே அதற்கு முந்துரிமை உடையது என முடிவு செய்தது. 'பன்மயிர்ச் செவிக்காளான்' எனப் பெயர்த்து வைத்தவர் இப்போது யாது செய்வர்? முந்துரிமையால் பெயர் மாறுந்தோறும் தமிழ்ப்பெயரும் மாறுமாயின், நூலுக்கு நூல் பெயர் வேறுபடும்.

சீன அறிஞர் செய்தது ஈண்டு நினைக்கத்தக்கது. தம் நாட்டில் பெருவாரியாக வளர்க்கப்படும் கருஞ்செவிக்காளான் ஐரோப்பிய இனத்தினின்று வேறானது எனக் கண்டு, 2014இல் அதனைத் தனியினமாக நிறுவினர். அவ்வினத்துக்கு இலத்தீனில் வேறு பெயர் தேடாது, கரிய மரச்செவி என்னும் பொருளுடைய 'ஹெய்முஏர்' என்னும் தம் மக்கள் சொல்லையே உலகப் பெயராக்கினர். தம் மொழிப்பெயர் அறிவியலுக்குப் பின்னே ஓடாது, அறிவியலுள் நுழைந்து அமர்ந்தது.

6. காரணமும் இடுகுறியும்

நன்னூலார் பெயரை இடுகுறி, காரணம் என இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு எனப் பகுத்தார். உயிரியற் பெயரின் முற்சொல் பேரினத்துக்குப் பொது. பிற்சொல் சிற்றினத்துக்குச் சிறப்பு. இவ்வொப்புமை எளிதிற் புலப்படும். ஆயின் அவை காரணப்பெயரா, இடுகுறிப்பெயரா என்னும் வினாவே முதன்மையானது. தோற்றத்தால் அவை பெரும்பாலும் காரணப்பெயர், ஆட்சியால் இடுகுறி. பொருள் பொருந்தாமை ஒன்றைக் காட்டி முறைப்படி அமைந்த பெயரைத் தள்ளல் ஆகாது என்பது தாவரம், பாசி, காளான் ஆகியவற்றுக்குரிய பன்னாட்டுப் பெயரீட்டு விதி.

இவ்விதி நமக்கு அயலானதன்று. நம் ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. 'பாக்கம்' என்பது நெய்தல் நிலத்துக் கடற்கரையூரின் பெயர் என நிகண்டுகள் கூறும். செம்பரம்பாக்கமோ கடலோரத்தது அன்று. அடையாற்றுக்கு நீர் தரும் ஏரியின் கரையது. அவ்வூர்ப் பெயர் பொருந்தாதெனக் கருதி அதனை மாற்ற முனைந்தாரும் இல்லை. பெயரைக் கேட்டுக் கடலைத் தேடிச் சென்றாரும் இல்லை. காரணம் தேய்ந்து, பெயர் ஊரைச் சுட்டும் குறியாக நிலைபெற்றது. நிலைபெற்ற பெயருக்கு வேண்டுவது பிறழாது சுட்டும் ஆற்றலேயன்றி விளக்கும் ஆற்றலன்று.

குடும்பப் பெயருக்கும் இது பொருந்தும். 'ஆரிக்குலேரியேசி' என்னும் குடும்பப்பெயர் 'ஆரிக்குலேரியா' என்னும் முதற்பேரினத்தின் பெயரடியாகப் பிறந்தது. நெகிழ்ந்த உடலைக் குறித்தெழுந்தது அன்று. முதற்பேரினம் எக்குடும்பத்தில் உளதோ அதுவே அப்பெயர்க்குரிய குடும்பம். உறுப்பினர் சேர்வர், பிரிவர். பெயர் முதற்பேரினத்தோடு நிற்கும். எக்சிடியா உட்புகுந்தபோதும் பெயர் பொய்யாகாமைக்குக் காரணம் இதுவே. இதனை விடுத்துக் 'கூழ்க்காளான் குடும்பம்' என எழுதுவோர், குறியாக நின்ற பெயரை வரையறையாக மாற்றிவிடுகின்றனர். அவ்வரையறை திரெமெல்லாவையும் தாக்ரிமைசீசையும் உள்ளிழுத்து, 1753ஆம் ஆண்டின் நிலைக்கே மாணாக்கனை மீட்டுச் செல்கின்றது.

'செவிக்காளான் குடும்பம்' எனினும் அது காரணப்பெயர்தானே, செவி வடிவில்லாத எக்சிடியாவுக்கு அது பொருந்துமோ எனின், பொருந்தாமை குற்றமன்று என்க. செவிக்காளான் என்பது ஒரு பேரினத்தின் பெயர்; குடும்பம் அதன் தலைமையால் பெயர் பெற்றது. குடும்பத் தலைவரின் பெயரால் வழங்கும் இல்லத்தார் அனைவரும் அவர் முகத்தை உடையராதல் வேண்டுமென எவரும் எதிர்பாரார்.

7. முடிபு

இவ்வாராய்ச்சியால் போந்த முடிபுகள் மூன்று.

ஒன்று, உருவைக் குறிக்கும் சொல் வேறு, உறவைக் குறிக்கும் சொல் வேறு என வைத்தல் வேண்டும். உருவுக்குக் 'கூழ்' பொருந்தாது. கூழ் ஒழுகும், வடிவு கொள்ளாது. 'களி' வடிவு கொள்ளும். ஆயின் அழுத்தினால் மீளாது, ஒளியை விடாது. வடிவும் நெகிழ்ச்சியும் ஒளி ஊடுருவலும் ஒருங்கே உடையதாய்த் தமிழ்மக்கள் நாள்தோறும் அறிந்த பொருள் நுங்கு. ஆதலின் இவ்வுடலமைப்பை 'நுங்குரு' எனலாம். அதனையுடையன 'நுங்குருக் காளான்கள்'. இத்தொடர் பன்மையிலேயே வருதல் வேண்டும். 'குடும்பம்' என்பதனோடு ஒருபோதும் சேர்தல் கூடாது.

இரண்டு, குடும்பப் பெயரை முதற்பேரினத்தின் தமிழ்ப்பெயரடியாகவே ஆக்குதல் வேண்டும். அவ்வாறு வருவது 'செவிக்காளான் குடும்பம்'. பொதுமூதாதை வழிவந்த தொகுதியைச் சுட்டுமிடத்துக் 'கிளை' என்னும் சொல்லைத் துணிந்து ஆளலாம்.

மூன்று, சிற்றினச் சிறப்புப்பெயர்களைப் பொருள்பெயர்த்தல் ஆகாது. தமிழ் ஒலிமரபுக்கேற்ப எழுதுதலே தக்கது. மக்கள் வழக்கில் ஏற்கெனவே ஒரு பெயர் இருப்பின் அதனை முதலிற் கூறி, உலகப் பெயரை அடுத்துக் கூறுக. வழக்குச் சொற்களைத் திரட்டும் களப்பணி இதற்கு முன்னிபந்தனை. முதுகலை மாணாக்கர் வட்டாரந்தோறும் மழைக்காலத்திற் சென்று, காளான்களுக்கு மக்கள் இட்ட பெயர்களைக் காளானோடு ஒருங்கு காட்டித் தொகுப்பாராயின், மொழியியலும் உயிரியலும் ஒருங்கே பயன்பெறும்.

கலைச்சொல்லாக்கத்தில் தமிழுக்கு நேர்ந்துள்ள இடர் சொல்வறுமையன்று. காட்சிக்குரிய பெயரைக் கிளைக்கும், கிளைக்குரிய பெயரைக் காட்சிக்கும் வைத்து மயங்குதலே இடர். உருவை நோக்கி உறவைத் துணிதல் கூடாது என்பதை, உயரத்தை விடுத்து வயிரத்தை நோக்கிய மரபியலாசிரியர் முன்னரே நமக்குச் செய்துகாட்டியுள்ளார். அவர் சொற்களைப் போற்றுவதோடு அவர் நோக்கிய முறையையும் நாம் கைக்கொள்ளுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.